வேலை செய்யாத டெஸ்டரைக் கையில் கொடுத்தேன்

போன மாதம் ஒரு மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார்கள். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டும் கூட்டம். வாசலில் நாலைந்து தனியார் கல்லூரிகள் மேசை போட்டு, பலூன் கட்டி, இலவசமாகக் குடை கொடுத்துக்கொண்டிருந்தன. பெற்றோர்கள் வரிசை பிடித்து வாங்கினார்கள். எனக்கு மேடையில் பத்து நிமிடம். ஏற்பாடு செய்த தம்பி என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அங்கிள், ரிசல்ட் சரியா வராத பிள்ளைங்களுக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஆறுதலா? நான் என்ன துக்கம் விசாரிக்கவா வந்திருக்கிறேன்?

மேடை ஏறினால் மைக் உறுமுகிறது. மேடையில் இருந்த படித்தவர்கள் ஆளுக்கொரு தரம் அதைத் தட்டினார்கள், குலுக்கினார்கள், ஊதினார்கள். நான் கீழே இறங்கி வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். நீட்டு வயரின் பிளக்கில் எர்த் கம்பி கழன்று கிடந்தது. பிடுங்கி, சமையல்கட்டில் இருந்த அக்காவிடம் ஒரு சின்னக் கத்தி வாங்கி முடுக்கினேன். உறுமல் நின்றது. அதற்கு ஆறு நிமிடம் போய்விட்டது. மிச்சம் நாலு நிமிடத்தில் நான் பெயர் சொல்லி முடிப்பதற்குள் அதிர்ஷ்டக் குலுக்கல் என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். நான் சரி செய்த மைக்கை!

சொல்ல வந்ததைச் சொல்ல விடவில்லை, அதனால் எழுதுகிறேன். தமிழில் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

என் பெயர் மாணிக்கம். சுங்கை பினாங்கில் சார்ஜ்மேன் மாணிக்கம் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். படிப்பு மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, அதுவும் பாஸ் இல்லை. ஆனால் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் இரண்டாயிரம் பேர் வேலை செய்த ஒரு ஃபேக்டரி, நான் கையெழுத்துப் போடாமல் ஒரு நாளும் ஓடியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன். சொல்லக்கூடாதா?

சார்ஜ்மேன் என்றால் என்ன என்று இன்னும் பல பேருக்குத் தெரியாது. ஃபேக்டரிக்குள் வருவது வீட்டு மின்சாரம் மாதிரி இல்லை. பதினோராயிரம் வோல்ட். தொட வேண்டாம், மிக நெருங்கினாலே பாய்ந்து பிடிக்கும். அதைப் போடவும் அணைக்கவும் அரசாங்கம் சோதனை வைத்து சர்டிபிகேட் கொடுத்த ஆள்தான் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் ஃபேக்டரி ஓட்டினால் சட்டப்படி குற்றம். மேனேஜர் மாஸ்டர்ஸ் படித்திருப்பார். ஆனால் சப்ஸ்டேஷன் சாவி அவர் இடுப்பில் இல்லை, என் இடுப்பில் இருந்தது.

எப்படிக் கற்றேன் என்று நீட்டி முழக்கப் போவதில்லை. பதினாறு வயதில் வயர் இழுக்கிற கூலியாகப் போனேன். ஏணி பிடித்தேன், கூரைக்குள் ஊர்ந்தேன், சாயங்கால வகுப்பில் கொட்டாவி விட்டேன். சர்டிபிகேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் இரண்டு தரம் விழுந்து மூன்றாவது தரம் எழுந்தேன். அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் கற்றது காசிம் அண்ணனிடம்.

காசிம் அண்ணன் எனக்கு முன்னால் அங்கே சார்ஜ்மேன். ஜார்ஜ்டவுன்காரர், தமிழ் முஸ்லிம். ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளைச் சட்டை. அந்த அழுக்கு வேலையில் அந்தச் சட்டை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. திட்டவும் மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்.

"அணைச்சிட்டேன் அண்ணே."

"எப்படித் தெரியும்?"

"நானே சுவிட்சை இழுத்தேன்."

"நீ பிடியைத்தான் இழுத்தே. உள்ளுக்குள்ளே விலகிச்சின்னு எப்படித் தெரியும்?"

"டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன் அண்ணே. எரியலே."

"டெஸ்டர் நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அவர் என் கையிலிருந்த டெஸ்டரை வாங்கினார். இரண்டு முனையும் நடுவில் ஒரு சின்ன விளக்கும் உள்ள சாமான் அது. சுவரில் மின்சாரம் இருந்த ஒரு சாக்கெட்டில் அதை வைத்தார். விளக்கு எரியவில்லை. காலையிலேயே அவர்தான் அதைப் பழுதாக்கி என் பெட்டியில் போட்டிருக்கிறார்.

"பார்த்தியா? நீ மௌத்தாயிட்டே" என்றார், சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில். "போ, போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

நான் சாகவில்லை. அவர் முன்கூட்டியே மூன்று இடத்தில் அணைத்து வைத்திருந்தார். ஆனால் ஒரு வாரம் எனக்குத் தந்த வேலை கேட்டுக் கதவுகளுக்கு எண்ணெய் போடுவதுதான்.

முறை இதுதான், எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். அணை. பூட்டுப் போடு, சாவியை உன் பையில் வை. 'ஆள் வேலை செய்கிறான்' என்று அட்டை மாட்டு. பிறகு டெஸ்டரை எடு. முதலில் மின்சாரம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வை, எரிய வேண்டும். அடுத்து நீ கை வைக்கப்போகிற இடத்தில் வை, எரியக்கூடாது. திரும்பவும் முதல் இடத்துக்குப் போய் வை, எரிய வேண்டும். அந்த மூன்றாவது தரத்தைத்தான் எல்லாரும் விடுவார்கள். நடுவில் டெஸ்டர் கெட்டுப்போயிருந்தால்? அதற்கப்புறம் எர்த் மாட்டு. அப்புறம்தான் கை.

இதில் கல்லூரியில் மட்டும் கற்க முடிகிற விஷயம் எது? எனக்குக் காட்டுங்கள்.

இப்போது கவிதா கதைக்கு வருகிறேன். நான் வேலையிலிருந்து நிற்பதற்கு மூன்று வருஷம் முன்பு எனக்கு ஓர் உதவியாள் எடுக்கச் சொன்னார்கள். என்னிடம் பழகி, சோதனை எழுதி, நான் போன பிறகு சாவியை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள். ஒரு கட்டு மனுக்கள் வந்தன. அதைப் பிரித்து அடுக்கியது நான்தான். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை. டிகிரியை மேலே வைத்தேன். டிப்ளோமாவை அதற்குக் கீழே. அரசாங்கத் தொழில் பயிற்சிக் கழகத்தில் படித்து வந்த பிள்ளைகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரிக்கு அடியில் தள்ளினேன். ஏன் தெரியுமா? மூன்றாம் படிவத்தில் விழுந்த மாணிக்கத்துக்குக் கீழே ஒரு டிகிரிக்காரன் வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான் காரணம். டிகிரி டிகிரி என்று அலைகிற பெற்றோர்களைத் திட்டுகிறேனே, நானும் அதே மண்டபத்தில் குடை வாங்கிய ஆள்தான்.

மூன்று பேரைக் கூப்பிட்டேன். ஒரு டிகிரி, இரண்டு டிப்ளோமா. பட்டறையில் பழகுவதற்கென்று ஒரு பேனல் வைத்திருந்தோம், அதில் மின்சாரம் வராது. வருவதாக நினைத்து வேலையைத் தொடங்குங்கள் என்பேன். காசிம் அண்ணனின் வித்தையை அப்படியே செய்தேன். விளக்கு செத்துப்போன டெஸ்டரைக் கையில் கொடுத்தேன். பக்கத்துச் சுவரில், கண்ணுக்கு நேரே, மின்சாரம் உள்ள சாக்கெட்.

முதல் டிப்ளோமா டெஸ்டரைப் பேனலில் வைத்தான். எரியவில்லை. "ஓகே அங்கிள்" என்று கையை விட்டான். இரண்டாவது டிப்ளோமா அதையும் வைக்கவில்லை, நேராகக் கையை விட்டான். டிகிரிக்காரர் மட்டும் அழகாகப் பேசினார். சூத்திரம் சொன்னார், படம் வரைந்தார், எனக்கே தெரியாத இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு டெஸ்டரை வைத்தார், எரியவில்லை, கையை விட்டார்.

"மின்சாரம் இல்லேன்னு எப்படித் தெரியும் தம்பி?"

"டெஸ்டர் காட்டுதே அங்கிள்."

"டெஸ்டர் நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கம்பெனி டெஸ்டர் கெட்டுப்போயிருந்தா அது கம்பெனி தப்புதானே அங்கிள்?"

கம்பெனி தப்புதான். சவப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு கேஸ் போடு!

தலையில் கை வைத்துக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். அங்கே குமாஸ்தாவாக இருந்த மலாய்ப் பெண் ரோஸ்னா அலமாரியைக் காலால் தட்டிக் காட்டி, "இங்கே இன்னொரு கட்டு இருக்கே அங்கிள், இது யார் ஒளிச்சு வெச்சது?" என்று மலாயில் கேட்டாள். நான் காது கேட்காத மாதிரி இருந்தேன். அவளே ரப்பர் பேண்டை அவிழ்த்தாள். மேலாக இருந்தது கவிதாவின் மனு. ஊர் தாசேக் கெலுகோர், கடலுக்கு அந்தப் பக்கம். பயிற்சிக் கழகத்தில் மின்சார வேலைக்குச் சர்டிபிகேட். ஒரு குத்தகைக்காரரிடம் இரண்டு வருஷம் ஃபேக்டரி வயரிங் அனுபவம்.

"பொம்பளப் பிள்ளையா?" என்றேன். ரோஸ்னா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் தாசேக் கெலுகோரிலிருந்து ரயில் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, இந்தப் பக்கம் வந்து பஸ் பிடித்து, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே அவளுடைய சொந்த சேஃப்டி சப்பாத்து. கேட்காமலேயே மாட்டிக்கொண்டாள்.

டெஸ்டரைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். நேராகச் சுவர் சாக்கெட்டுக்குப் போய் வைத்தாள். எரியவில்லை. பக்கத்திலிருந்த மேசை விசிறியின் பிளக்கை அதே சாக்கெட்டில் மாட்டினாள். விசிறி சுற்றியது. விசிறியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டெஸ்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இது வேலை செய்யலே அங்கிள். வேற குடுங்க."

"இங்கே இருக்கறதே அது ஒண்ணுதான்."

"அப்ப நான் தொடமாட்டேன்."

"நான் சொல்றேனே, அணைச்சாச்சு. நாப்பது வருஷ சர்வீஸ் எனக்கு."

"நீங்க சொல்றீங்க. நான் பார்க்கலியே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "தொடலேன்னா வேலை கிடைக்காது, பரவாயில்லையா?"

அவள் முகம் மாறியது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குத்தகைக்காரர் தொழிலை மூடிவிட்டார். அம்மா ஒரு தனியார் கல்லூரியில் பிசினஸ் படிப்புக்கு ஃபாரம் நிரப்பி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். இந்த மாதத்துக்குள் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போடுவதாக இவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். வந்த நேர்முகங்களில் இதுதான் கடைசி.

"வேலை வேணும் அங்கிள், ரொம்ப வேணும்" என்றாள். "ஆனா இத வெச்சுக்கிட்டுத் தொடமாட்டேன்லா. நாளைக்கு எங்கேயாச்சும் வேலை கிடைச்சா, செய்யறதுக்குக் கை வேணுமே."

என் சர்வீசில் நான் கேட்ட மிக நல்ல பதில் அதுதான். என் பதில்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆள் எடுக்கும் பிரிவுக்குப் போனேன். அங்கே மேனேஜர் மிஸ் ஓங். நல்ல பெண்தான். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அங்கிள், டெக்னீஷியன் பதவிக்கு டிப்ளோமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"அந்தக் கட்டத்தில் அவள் சர்டிபிகேட்டைப் போடுங்கள்."

"அது டிப்ளோமா இல்லையே."

"சார்ஜ்மேன் சோதனைக்கு அரசாங்கமே அதைப் போதும் என்கிறது!"

"அரசாங்கம் ஏற்கும் அங்கிள். சிஸ்டம் ஏற்காது."

மூன்று நாள் இதே பேச்சு. கட்டம், சிஸ்டம், கட்டம். நாலாவது நாள் ஃபேக்டரி மேனேஜரிடம் போனேன். அவர் டிகிரிக்காரரை எடுங்கள், போகப் போகக் கற்றுக்கொள்வார் என்றார். "போகப் போக என்றால் எங்கே போக?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அப்போது என் வேலை நீட்டிப்புக்கான ஒப்பந்தம் அவர் மேசைமேல் என் கையெழுத்துக்காகக் கிடந்தது. அதை எடுத்து மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன். "இந்தப் பெண் உள்ளே வந்தால் இதில் என் கையெழுத்து இருக்கும். வராவிட்டால் மாசக் கடைசியோடு நான் வீட்டுக்குப் போகிறேன். சாவியை மிஸ் ஓங்கின் கட்டத்தில் போட்டுவிடுகிறேன்."

"மிரட்டுறீங்களா மாணிக்கம்?"

"ஆமாம் சார்."

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டில் மூத்தவள் கல்யாணம் நெருங்கியிருந்தது. ஆனால் நான் ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்று கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. கவிதாவை எடுத்தார்கள், டெக்னீஷியனாக இல்லை, 'பொதுத் தொழிலாளி' என்று. அந்தப் பதவிக்குக் கட்டம் கிடையாதாம். கூட்டிப் பெருக்குகிறவர்களுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு வருஷம் என்னோடு சப்ஸ்டேஷன் வேலை முழுவதும் செய்தாள். ஒரு தரம் வெளியிலிருந்து வந்த ஆடிட்டர் அவளிடம் குப்பைக் கூடை எங்கே என்று கேட்டார். காட்டிவிட்டு வந்து டிரான்ஸ்பார்மர் எண்ணெய் அளவை எழுதினாள்.

சோதனையில் எழுத்து, செய்முறை, வாய்மொழி மூன்றிலும் ஒரே தரத்தில் பாஸ். நான் மூன்று தரம் போனதை அவளிடம் சொல்லவில்லை, காசிம் அண்ணன் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். சுவரில் என் சர்டிபிகேட்டைக் கழற்றிவிட்டு அவளுடையதை மாட்டிவிட்டு வேலையிலிருந்து நின்றேன். அதற்கப்புறம் சம்பளம், பதவி, சட்டை நிறம் எல்லாம் மாறியது. மிஸ் ஓங்கே வந்து கையைக் குலுக்கினாராம். சிஸ்டத்தில் எதை நிரப்பினார் என்று நான் கேட்கவில்லை.

லிஃப்ட் பார்க்கிறவன், பாய்லர் பார்க்கிறவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஆஸ்பத்திரி மெஷினைச் சரி செய்கிறவன் என்று எத்தனையோ வேலை இந்த ஊரில் ஆள் இல்லாமல் காத்துக்கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் படிப்பு உண்டு, சோதனை உண்டு, விழுந்தால் அவமானமும் உண்டு. தோற்றவர்கள் ஒதுங்குகிற இடம் அது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? பிள்ளைகளுக்குப் புரிகிறது. புரியாதது பெரியவர்களுக்கு. அதற்கு ஒரு சாட்சி சொல்லி முடிக்கிறேன்.

சர்டிபிகேட் வந்து, நானும் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதாவின் அம்மா என்னையும் என் மனைவியையும் தாசேக் கெலுகோர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆட்டுக்கறி, ரசம், பாயாசம். அக்கம்பக்கத்தவர்களும் வந்திருந்தார்கள். "எங்க பிள்ளை ஃபேக்டரியிலே ஆபீஸ் வேலை" என்று அந்த அம்மா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கவிதா தட்டைப் பார்த்துச் சிரித்தாள். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

பாயாசம் ஊற்றும்போது அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, நீங்க செஞ்ச உதவியை மறக்கமாட்டேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு. நீங்க சொன்னா கேப்பா. அதான் சர்டிபிகேட் வந்திருச்சில்லே, இனிமேயாச்சும் காலேஜ்ல சேரச் சொல்லுங்க. ஃபாரம் இன்னும் அப்படியே இருக்கு."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கவிதாவின் போன் அடித்தது. ஃபேக்டரியில் மெயின் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிட்டது. புதிதாக எடுத்த இன்னொரு சார்ஜ்மேன் ஆஸ்பத்திரியில் இருந்தார். இவள் போய்ப் பார்க்காமல் போட முடியாது. அவள் கையைக் கழுவினாள், சப்பாத்தை மாட்டினாள். அடுத்த பதினைந்தாவது நிமிடம் வாசலில் ஒரு பெரிய காடி வந்து நின்றது. பக்கத்து ஊரில் குடியிருந்த ஃபேக்டரி மேனேஜரே ஏற்றிப்போக வந்துவிட்டார். கீழே இறங்கி, முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். கவிதா பையை எடுக்க மறுபடியும் உள்ளே போனாள். அவர் அப்படியே நின்றார். எனக்கு வணக்கம் வைத்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

பக்கத்து வீட்டவர்கள் எல்லாரும் பாயாசக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். என் மனைவி என் முழங்கையை இடித்தாள். இப்போதாவது இந்த அம்மாவுக்கு விளங்கும் என்று நானும் நினைத்தேன்.

"யாருண்ணே அது, டிரைவரா?"

"மேனேஜர்மா. ஃபேக்டரிக்கே பெரியவர்."

"மேனேஜரா!" அந்த அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கவிதா ஏறினாள், மேனேஜர் கதவைச் சாத்தினார், காடி புறப்பட்டது. அந்த அம்மா அது மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அவரு என்ன படிச்சிருக்காருண்ணே?"

"மாஸ்டர்ஸ்" என்றேன்.

"பார்த்தீங்களா" என்று என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு பெரிய காடி! இதுக்குத்தான் இவளையும் படி படின்னு தலையால அடிச்சுக்கறேன்."

போய்க் கையைக் கழுவிக்கொண்டு, மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.